படுக்க வைத்த கதவு

அது கதவாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. குட்டி யானை வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, படப்பை சாலையிலிருந்து எங்கள் மனைப்பிரிவின் மண் பாதைக்குள் திரும்பியபோது, பார்த்தவர்கள் யாரோ புதுவீடு கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நாங்கள் செய்யவிருந்தது ஒரு மேசை. என் கணவர் சின்ன விமானங்கள் செய்வதற்கான மேசை. பொம்மை விமானம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, மாடல் என்பார்.

அந்தக் கதவின் ஒரு முனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தூக்கினேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஒன்பது நாள் கழித்து அந்தக் குழந்தை எங்களுக்கு இல்லாமல் போனது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதைத் தவிர வேறெதையும் என்னால் பல மாதங்கள் யோசிக்க முடியவில்லை. சமைத்தேன், மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பினேன், துணி மடித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. விமானம் செய்யும் பழக்கம் பாலிடெக்னிக் நாட்களில் வந்தது. முதலில் தெர்மோகோலில் செய்தார், பிறகு பால்சா மரத்துக்கு மாறினார். பால்சா பலகையைக் கையில் வாங்கினால் மரம் என்றே தோன்றாது, அவ்வளவு லேசு. அதைக் குச்சிகளாக நறுக்கி, விரித்து வைத்த வரைபடத்தின்மேல் அடுக்கி, குண்டூசி குத்தி ஒட்டினால் இறக்கை வரும். பசை காய்கிறவரை அடியில் இருக்கும் தளம் எப்படியோ அப்படியே இறக்கையும் ஆகிவிடும். அவர் கூடத்துத் தரையில் வைத்துத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார். ஆறு மாதம் உழைத்துச் செய்த ஒன்று, விற்காத மனைகளின் நடுவே பறக்கவிட்ட முதல் நாளே இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போய்க் கருவேல முள்ளில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் இறக்கையில் முறுக்கு.

"தரை மட்டமாத்தான கீது," என்று கூடத்தில் குந்தி டைல்ஸைத் தடவினார்.

"எங்க மட்டம்? கழுவி விட்டா தண்ணி வாசலுக்கு ஓடணும்னு கொத்தனார் வாட்டம் விட்டிருக்காரு. துடைக்கிறவளுக்குத்தான தெரியும்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பு நானும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே அளவு பார்ப்பதற்கென்று இழைத்த கருங்கல் மேடை ஒன்று உண்டு. அதன்மேல் டிபன் பாக்ஸ் வைத்தால்கூடச் சத்தம் போடுவார்கள். மூத்த பெண் பிறந்ததும் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, விடுவதுதான் சரி என்று நானே முடிவு செய்தேன். அது சரிதானா என்று இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது யோசிப்பேன். அன்று அவருக்கு, மட்டமாக இருப்பது வேறு, தளம் ஒரே சீராக இருப்பது வேறு என்று விளக்கினேன். ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றாலும் பலகை முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்றேன்.

"இன்ஸ்பெக்டரம்மா சொன்னா சரி," என்றார்.

அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான்கு வருடமாக என்னிடம் யாரும் அளவு கேட்டதில்லை. எத்தனை விசில் என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

பலகைகளைச் சேர்த்து மேசை செய்தால் மழைக்காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளையும். தொழிற்சாலையில் அழுத்தி ஒட்டி வருகிற ஃபிளஷ் கதவு அப்படி வளையாது, அதைப் படுக்க வைத்துக் கால் கொடுத்தால் போதும் என்பது அவர் யோசனை. உள்ளே கூடாக இருக்கும் கதவு வேண்டாம், கெட்டிக் கதவுதான் வேண்டும் என்றார். "றெக்க எவ்ளோ லேசோ டேபிள் அவ்ளோ கனமா இருக்கணும். ஒட்டறப்ப ஆடக்கூடாது." கடைக்கு நானும் போனேன். இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகச் சாய்க்கச் சொல்லி, ஓரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கதவுக்கே கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, கதவு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணுன்னா இவ்ளோ பாக்க மாட்டோம்ணே," என்று என் கணவர் சொன்னார். ஐந்தாவது கதவை எடுத்துக்கொண்டோம். தேர்ந்தெடுத்தது நான். இது முக்கியம் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டேன்.

டிரைவரும் அவரும் அதை மாடிக்கு ஏற்றியபோது என் மாமியார் வீட்டில் இருந்தார். பக்கத்து ஊர்தான் அவருக்கு. நிலம் போன பிறகு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறார், லீவு நாளில் பேத்தியைப் பார்க்க வருவார். படிக்கட்டின் மேலே நின்று வழியை விடவில்லை.

"இன்னாடா இது, கதவா?"

"கதவு இல்லமா. டேபிளு."

"எனுக்கு கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? கதவ கதவுன்னாம இன்னான்னுவாங்க?"

"கால் வச்சா டேபிள் ஆயிடும் அத்த," என்றேன் நான்.

"அப்ப கால் வெக்கிற வரைக்கும் கதவுதான?" என்று என் பக்கம் திரும்பினார். "புள்ளத்தாச்சி கீற வூட்ல நெல வெக்க மாட்டாங்க, கதவு எறக்க மாட்டாங்க. எதுவும் தெறந்துக்கக் கூடாதுன்னு. உங்களுக்கு இன்னா, படிச்சவங்க. சொன்னா சிரிப்பு வரும்."

நாங்கள் உண்மையிலேயே சிரித்தோம். டிரைவர் தோளில் கனத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, கதவோ டேபிளோ, கொஞ்சம் ஒத்திக்கங்க, முதுகு பூடும்," என்றதும் மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒதுங்கி வழிவிட்டார்.

இரண்டு வாரம் என் கணவர் காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கி, சாப்பிட்டு, சின்ன அறையில் சட்டம் கட்டினார். தடிமனான மரத்தில் ஆறு கால்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகள், தரையின் வாட்டத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்க ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ட். நான் மூலைக்கு மூலை நூல் கட்டிப் பார்த்து, எது உயரம் எது பள்ளம் என்று சொல்வேன். அவர் அந்தக் கட்டையை இழைப்பார். மகள் அந்த மேல்பலகை இல்லாத மேசைக்குள் புகுந்து உட்கார்ந்து அதைப் பஸ் என்றாள். அந்த இரண்டு வாரமும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். பின்னால் நடந்ததை வைத்து அதையும் சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சட்டத்தின்மேல் பசை தடவிக் கதவை ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. ஒரு முனையைப் பிடிக்க அவருடைய கம்பெனி நண்பர் வருவதாக இருந்தது. நான் சமையலறையில் இருந்தேன். போனில் இவர், "ஓவர்டைமா? சரி மச்சான், நான் பாத்துக்கறேன்," என்று சொன்னது காதில் விழுந்தது. குழம்பைத் தாளித்து இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். சட்டம் முழுக்க வெள்ளைப் பசை தடவியிருந்தது. கதவு பக்கத்தில் தரையில் கிடந்தது.

"பத்து நிமிஷத்துல காஞ்சிடும். காஞ்சா திரும்ப மொத்தத்தையும் இழைக்கணும்," என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் நினைவில் சரியாக நிற்கவில்லை. நான் "ஒரு பக்கம் பிடிக்கறேன்" என்றேன். அவர் "வேணாம்" என்றார். நான், "வயித்துல படாம பிடிச்சுக்கறேன், பசை காஞ்சிடும்" என்றேன். அப்படித்தான் நான் நினைவு வைத்திருந்தேன். குந்தி உட்கார்ந்து, விரல்களை அடியில் கொடுத்து எழுந்தேன். நாற்பது கிலோவுக்குக் குறையாத கதவு அது. இடுப்பு உயரம்வரை வந்தது. ஒரு நொடி என் பக்கம் சட்டத்தில் இடித்து நின்றது. இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இருக்காது.

சாயங்காலம் ஸ்கேலைப் படுக்க வைத்து, அதன் அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். மயிரிழைத் தகடுகூட எங்கேயும் நுழையவில்லை. "பாஸ்," என்றேன். அவர் கைதட்டினார்.

ஒன்பதாம் நாள் காலையில் இடுப்பு வலித்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு கனம். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன். மதியத்துக்குள் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பையன் என்று நர்ஸ் சொன்னார். பார்க்கிறீர்களா என்று கேட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் மாமியார் என் தலைமாட்டில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டே கேட்டார். குரலில் கோபம் கிடையாது.

"கண்ணு, கனமா எதுனா தூக்கினியா?"

என் கணவர் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"இல்ல அத்த," என்றேன்.

மாமியார் மகனைப் பார்த்தார். "அப்ப அந்தக் கதவுதான். தலபாடா அட்ச்சிக்கினேன். எறக்காதடா, எறக்காதடான்னு. கேட்டியா நீ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்ன ஒரு பொய்யில் பழி முழுவதும் அவர்மேல் போய் உட்கார்ந்தது. எனக்கு அது அப்போதே தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா காரணத்தை விளக்கினார். கர்ப்பப்பையின் வாய் காலத்துக்கு முன்பே திறந்துகொண்டது, சிலருக்கு அப்படி ஆகும், அடுத்த முறை முன்கூட்டியே தையல் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "நீங்க எதையும் செஞ்சதால இல்ல," என்றார். திறந்துகொண்டது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் மாமியாரின் குரல் கேட்டது.

"டாக்டர், ஏதாவது தூக்கினா இப்படி ஆகுமா?" என்று கேட்டேன்.

"என்ன தூக்கினீங்க?"

"தண்ணி. அரை பக்கெட் இருக்கும்."

அவர் சிரித்து, "அதுக்கெல்லாம் ஆகாதும்மா," என்று என் கையைத் தட்டினார்.

வேலை பார்த்த நாட்களில் அளவை மாற்றி எழுதியது கிடையாது. சூப்பர்வைசர் முறைத்தால்கூட எழுதியதில்லை. இங்கே கதவை அரை பக்கெட் தண்ணீராக்கிவிட்டேன். ஆகாது என்று டாக்டர் சொன்னது அந்த அரை பக்கெட்டுக்குத்தான். ராத்திரி பகல் அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்குப் பொருந்தவில்லை. திரும்பிப் போய்க் கேட்கவும் பயம். சரியான எடையைச் சொல்லி, அவர் சிரிக்காமல் போய்விட்டால்?

வீட்டில் அவர் சின்ன அறைக்குள் போவதை நிறுத்திவிட்டார். மேசைமேல் பழைய போர்வை விரித்து, மடிக்க வேண்டிய துணியை நான் அதன்மேல் போட ஆரம்பித்தேன். மகள் வண்ணப் புத்தகத்தைக் கொண்டுபோய் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்வாள். நாங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் மிகவும் நல்லபடியாக நடந்துகொண்டோம். காபி ஆறிவிட்டதா, சட்டைக்கு இஸ்திரி போடவா, மாத்திரை சாப்பிட்டாயா. விருந்தாளிகள் மாதிரி. அவர் என்னைப் பழிக்கிறாரா என்று நான் முகத்தைப் பார்ப்பேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மாமியார் வரும்போதெல்லாம், "அந்தக் கதவ மொதல்ல வெளிய தூக்கிப் போடுங்க," என்பார். ஒரு லீவு நாளில், மகள் பள்ளிக்குப் போன பிறகு, இவர் கை ரம்பத்தோடு அந்த அறைக்குள் போனார். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் கதவைப் பிரித்தெடுக்க வழியில்லை, காலை அறுக்க வேண்டியதுதான். ரம்பம் மரத்தில் ஏறும் சத்தம் கேட்டதும் ஓடினேன்.

"அறுக்காதீங்க."

"இருந்து இன்னா பண்ணப் போவுது? அம்மா வந்து வந்து சொல்லிக்கினு கீறாங்க."

"அத்தகிட்ட நான் பொய் சொன்னேன்."

"தெரியும். பக்கத்துலதான நின்னேன்."

"நானாத்தான் வந்து பிடிச்சேன். நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. திட்டு மட்டும் நீங்க வாங்கறீங்க."

ரம்பத்தை அப்படியே மரத்தில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். "நான் வேணாம்னு சொல்லலமா."

"சொன்னீங்க."

"சொல்லல. வந்து ஒரு கை புடின்னேன். நல்லா நாபகம் கீது." கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். "இன்னொண்ணும் கீது. அவன் போன் பண்ணப்ப நான் பசை டப்பாவே தொறக்கல."

எனக்கு உடனே விளங்கவில்லை. பசை தடவிய பிறகு போன் வந்தது என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். நேரமில்லை, அதனால்தான் தூக்கினோம் என்று.

"அவன் வரலன்னு தெரிஞ்சப்புறம்தான் தடவினேன்," என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் தள்ளிப்போட மனசு வரல. நீ கீறியே, ரெண்டு நிமிஷ வேலதானேன்னு."

நான் அறையை விட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், முதல் நாள் எனக்கு ஒரு விடுதலை இருந்தது. காரணம் நான் இல்லை, அவர். அந்த நினைப்போடு படுத்து, பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். இரண்டாம் நாள் அந்தத் தூக்கத்தை நினைத்து வெட்கப்பட்டேன். மூன்றாம் நாள், அவர் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் குந்தி எழுந்தது என் உடம்புதானே என்று பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அவர் சொன்னதுகூட உண்மையா, எனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாரா என்று ஒரு சந்தேகம் வேறு. இப்போதும் அது முழுசாகத் தீரவில்லை.

நான்காம் நாள், "டாக்டர்கிட்ட போகணும். நீங்களும் வரணும்," என்றேன். அரை நாள் லீவு போட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம். முறை வந்ததும் நான் மட்டும் உள்ளே போனேன். அரை பக்கெட் தண்ணீர் என்று முன்பு சொன்னது பொய், அது கெட்டிக் கதவு, இன்ன எடை, பாதிக் கனம் என் பக்கம், குந்தி எழுந்தேன், ஒரு இடத்தில் இடித்து நின்றது என்று ரிப்போர்ட் படிப்பது போல எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவை தூக்கினதால வாய் திறக்காதும்மா. அது உள்ளுக்குள்ள முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். கதவு தூக்காம இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். இத்தனை மாசம் இதையா சுமந்துகிட்டு இருந்தீங்க?"

வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா சொன்னாங்க?"

"அதே பதில்தான். கதவுனாலும் அதே பதில்தானாம்."

அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். நிம்மதி வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. இவ்வளவு நாளும் நான் யார் செய்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. அதை எடுத்த இடத்தில் வேறொன்றும் இல்லை, ஐந்து மாதம் என்னோடு இருந்த ஒரு பிள்ளை இல்லை என்பது மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்த அந்த நாட்களில் நான் அழுதது எனக்காக, மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில். அவனுக்காக இதுவரை அழவே இல்லை என்பது அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது. அழுதேன். எதிரே நிறைமாதமாக இருந்த ஒரு பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அவனைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊர்வரை ஆட்டோவில் போனார், ஊர் ஓரத்தில் அவர்கள் நிலமாக இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார். இவ்வளவும் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை. அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் கதவைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்ற பயம்.

"எப்படி இருந்தான்?" என்று கேட்டேன்.

அவர் கையை முகத்திலிருந்து எடுத்தார். டோக்கன் எண்களைக் கூப்பிடும் சத்தத்தில் குரல் எனக்கு மட்டும் கேட்டது.

"சின்னதா கீறான்," என்றார். இருந்தான் என்று சொல்லவில்லை. "என் உள்ளங்கையில தலை, முழங்கைகிட்ட காலு. வெரல்தான் நீளம். நகம்கூட வந்திருந்துச்சு."

"முகம்?"

"உங்கப்பா மாதிரி நெத்தி. கண்ணு மூடிக்கினு இருந்துச்சு." பிறகு, "வாய் மட்டும் கொஞ்சம் தொறந்திருந்துச்சு. நான் மூடி விட்டேன்," என்றார்.